சென் அன்ட்ரூசும் ஒரு பழைய தடியும்

ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில், வடகடலைப் பார்த்தபடி சென் அன்ட்ரூஸ் என்றொரு சிறிய பட்டணம் இருக்கிறது. ஒரு பகற்பொழுதில் நடந்தே சுற்றிப் பார்த்துவிடலாம். 1413ஆம் ஆண்டில் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம், கூரையிழந்து நிற்கும் பேராலயம், கடலோரத்தில் இடிந்த கோட்டை, ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் நீளமான மணற்கரை என்பன அங்கே உண்டு. ஆனால் உலகெங்கிலுமிருந்து வருகிறவர்களில் பலர் இவற்றைப் பார்க்க வருவதில்லை. மணற்கரைக்குப் பின்னால் உள்ள ஒரு புல்வெளியைப் பார்க்கவே வருகிறார்கள். அந்தப் புல்வெளியைக் கோல்ப் விளையாட்டின் தாய்வீடு என்கிறார்கள்.

கோல்ப் என்றதும், "அது பணக்காரரின் விளையாட்டு, அதிலே எமக்கு என்ன இருக்கிறது?" என்று வாசகிகள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எங்கள் நாட்டிலும் அது அப்படித்தான் தொடங்கியது. கொழும்பில் 1879இலும் நுவரெலியாவில் 1889இலும் கோல்ப் கழகங்கள் உண்டாயின. ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டம் போட்ட பிறகு, மலைநாட்டில் கொழுந்து பறித்தவர்கள் எமது மலையகத் தாய்மார். மாலையில் தடியும் பந்துமாகப் புல்வெளிக்குப் போனவர்கள் துரைமார். நுவரெலியாப் பட்டணத்தின் நடுவே பரந்து கிடக்கும் அந்தப் பச்சை நிலத்தை எம்மில் சிலர் பஸ் யன்னலூடாகப் பார்த்திருப்போம்.

நான் எழுத வந்தது விளையாட்டைப் பற்றியல்ல. பழுதடைந்து கிடந்த ஒரு பழைய கோல்ப் தடியை இரண்டு பெண்கள் சேர்ந்து எப்படித் திருத்தினோம் என்பதையும், அந்தத் தடி பிறந்த ஊரைப் பற்றியும்தான்.

வில் செய்தவர் செய்த தடி

முதலில் கொஞ்சம் வரலாறு. 1457ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தின் நாடாளுமன்றம் கோல்ப் விளையாட்டைத் தடைசெய்தது. இளைஞர்கள் பந்தின் பின்னால் திரிந்தால் யார் வில்வித்தை பழகுவது, இங்கிலாந்தோடு சண்டை வந்தால் யார் போவது என்பதே காரணம். பிறகு 1502இல் இரு நாடுகளும் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டன. அதே ஆண்டில் நான்காம் ஜேம்ஸ் மன்னர் தமக்குக் கோல்ப் தடிகள் வாங்கிய செலவு அரண்மனைக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. அவற்றைச் செய்துகொடுத்தவர் பேர்த் நகரத்து வில் செய்யும் தொழிலாளி ஒருவர்.

இதை வாசித்தபோது சிறிது நேரம் யோசித்தேன். மரத்தை வளையவும் நிமிரவும் செய்யத் தெரிந்த கை, போர் இருந்தால் வில் செய்கிறது. போர் நின்றால் விளையாட்டுத் தடி செய்கிறது. ஆனால் அந்தச் சமாதானம் நீடிக்கவில்லை. 1513இல் மீண்டும் போர் மூண்டு, அந்த மன்னரே போர்க்களத்தில் இறந்துபோனார். சமாதானம் என்று எழுதிய கடதாசி எத்தனை நாளைக்கு நிற்கும் என்பது அவர்களுக்கும் தெரியாமலே இருந்திருக்கிறது.

ஆரம்பத்தில் தடியின் தலையும் தண்டும் மரமாகவே இருந்தன. பந்து, தோலுக்குள் இறகுகளை இறுக அடைத்துத் தைத்ததாக இருந்தது. அதைச் செய்ய நேரம் பிடிக்கும், விலையும் அதிகம். 1848 அளவில் மலாயா நாட்டு மரமொன்றின் பாலை இறுக்கிச் செய்த பந்து வந்தது. இறப்பர் போன்ற இந்தப் பாலுக்குக் கட்டாபேர்ச்சா என்று பெயர். விலை குறைந்தபடியால் சாதாரண தொழிலாளரும் விளையாடக்கூடியதாயிற்று. அந்தப் பந்து கடினமானது; மரத் தலைகளை உடைத்தது. ஆகவே இரும்புத் தலைகள் பெருகின. கொல்லர்கள் பட்டறையில் காய்ச்சி அடித்து இரும்புத் தலை செய்தார்கள். தண்டுக்கு அமெரிக்காவிலிருந்து ஹிக்கரி என்னும் மரம் கப்பலில் வந்தது. கோடரிப் பிடிக்கும் சுத்தியல் பிடிக்கும் ஏற்ற மரம் அது. அடியைத் தாங்கும், வளையும், இலேசில் முறியாது.

1929இல் உருக்குத் தண்டுள்ள தடிகளுக்கு இங்கு அனுமதி கிடைத்தது. சில ஆண்டுகளுக்குள் ஹிக்கரித் தடிகளுக்கு மதிப்பில்லாமல் போயிற்று. அவை பரண்களுக்கும் பின்வளவுக் கொட்டில்களுக்கும் போய்ச் சேர்ந்தன.

பெண்களுக்குக் கிடைத்த மூலை

சென் அன்ட்ரூசில் ஆண்களின் பழம்பெரும் கழகம் 1754இல் தொடங்கியது. பெண்கள் அதில் உறுப்பினராகலாம் என்று வாக்கெடுத்து முடிவு செய்தது 2014ஆம் ஆண்டு செப்டெம்பரில்தான். இருநூற்றி அறுபது ஆண்டுகள்!

அதற்காகப் பெண்கள் அவ்வளவு காலமும் சும்மா இருக்கவில்லை. 1867இல், மேலே சொன்ன தேயிலை ஆண்டிலேயே, அவர்கள் தமக்கென்று ஒரு கழகம் அமைத்துக்கொண்டார்கள். உலகின் மிகப் பழைய பெண்கள் கோல்ப் கழகம் அதுதான். ஒரு பெண் தடியைத் தோளுக்கு மேலே ஓங்குவது அடக்கமல்ல என்று கருதப்பட்ட காலம் அது. அதனால் அவர்களுக்குக் கிடைத்தது, பந்தைக் குழியை நோக்கி மெல்ல உருட்டி விளையாடும் சிறு நிலம் மட்டுமே. இப்படி உருட்டுவதற்கான தடியைப் புட்டர் என்பார்கள். கடற்கரை மணல்மேட்டில் மேடும் பள்ளமுமாகக் கிடந்த அந்த நிலத்துக்கு ஹிமாலயாஸ் என்று பெயர் வந்தது. இன்றும் அந்த நிலம் அந்தக் கழகத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. சிறு கட்டணம் செலுத்தி யாரும் அங்கே விளையாடலாம். ஒதுக்கிக் கொடுத்த மூலை, இப்போது பட்டணத்தில் குழந்தைகளும் கிழவிகளும் சிரித்துக்கொண்டு நிற்கும் இடமாக இருக்கிறது.

அயல்வீட்டு அம்மாவின் தடி

நான் வசிப்பது டண்டீ நகரில். டே என்னும் அகன்ற ஆற்றின் ஒரு கரையில் டண்டீ; மறுகரையில் இறங்கி பஸ்ஸில் போனால் சென் அன்ட்ரூஸ். டண்டீ ஒரு காலத்தில் சணல் ஆலைகளின் நகரம். வங்காளத்திலிருந்து சணல் கப்பலில் வந்து இங்கே நூலாகி, சாக்காகி, உலகமெங்கும் போயிற்று. ஆலைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். கூலி குறைவு என்பதால் அவர்களை எடுத்தார்கள். வேலையில்லாத ஆண்கள் வீட்டிலிருந்து கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்தார்கள் என்று அந்தக் காலத்தில் கேலி பேசுவார்களாம்.

என் அயல்வீட்டு அம்மாவும் இளவயதில் சணல் ஆலையில் நின்றவர். இப்போது எண்பது வயதைத் தாண்டிவிட்டது. கணவர் இறந்து பல காலம். அவரது பின்வளவுக் கொட்டிலை ஒதுக்கித் துப்புரவாக்க 2023ஆம் ஆண்டு கோடையில் நான் உதவிக்குப் போனேன். மூலையில், பழைய வண்ணப்பூச்சுப் பேணிகளுக்குப் பின்னால், சாக்கில் சுற்றிய தடியொன்று இருந்தது.

இரும்புத் தலை முழுவதும் கறள். மரத்தண்டு சாம்பல் நிறமாகி, நடுவில் சிறிது வளைந்திருந்தது. ஆட்டிப் பார்த்தால் தலை லொடலொட என்றது. கைபிடித் தோல் மேற்பாதியில் கறுத்து இறுகிக் கிடந்தது. கீழ்ப்பாதியில் கிழிந்து தொங்கியது. எறியும் சாமான்களோடு வைப்பதா என்று கேட்டேன்.

"அது என் அம்மாவுடையது" என்றார் அவர்.

அவருடைய தாய் 1930களில் சென் அன்ட்ரூசில் ஒரு விடுதி வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவராம். அங்கே தங்கிய சீமாட்டி ஒருவர் உருக்குத் தடி வாங்கியபோது, இனி வேண்டாம் என்று இந்தப் பழைய புட்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிறு மத்தியானம் கிடைக்கும் அரைநாள் ஓய்வில், அந்த இளம்பெண் விடுதியின் பின்வளவுப் புல்லில் தனியாகப் பந்து உருட்டுவாராம். தனக்கென்று அவர் வைத்திருந்த ஒரே விளையாட்டுச் சாமான் இதுதான். "சாகிறதுக்கு முன்பு இதை ஒருதரம் ஹிமாலயாசுக்குக் கொண்டுபோய்ப் பந்து உருட்டவேண்டும்" என்றார் அந்த அம்மா. அப்படித்தான் இந்த வேலை தொடங்கியது.

கறளும் மரமும்

பழைய சாமானைத் திருத்துவதில் முதல் பாடம், உடனே கைவைக்காமல் பார்ப்பது. தண்டை ஒரு கண்ணால் நீளவாட்டில் பார்த்து எங்கே வளைவு என்று கண்டோம். நகத்தால் தடவி வெடிப்பு உண்டா என்று தேடினோம். பூச்சி அரித்த துளை இல்லை. வெடிப்பும் இல்லை. மரம் காய்ந்து சுருங்கியதால்தான் தலை ஆடியது. எங்கள் ஊரில் வெயில் காலத்தில் மண்வெட்டிப் பிடி கழன்று ஆடுவதும், அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குவதும் உங்களுக்குத் தெரிந்ததே. இதுவும் அதே சங்கதிதான்.

தலையில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மிக மெல்லிய இரும்புத் தும்பால் மெதுவாகத் தேய்த்தோம். வினாகிரியில் ஊறவைத்தால் கறள் விரைவாகப் போகும். ஆனால் இரும்பையும் தின்னும். மினுக்கும் இயந்திரத்தில் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் பளபளக்கும். ஆனால் கொல்லர் குத்திய முத்திரை அழிந்துபோகும். நாங்கள் மூன்று மாலைப்பொழுதுகள் தேய்த்தோம். மூன்றாம் நாள் தலையின் பின்புறத்தில் சிறிய புகைக்குழாய் வடிவம் தெரிந்தது. சென் அன்ட்ரூசில் தோம் ஸ்டுவர்ட் என்பவரின் பட்டறையில் குத்திய முத்திரை அது. 1930இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் போட்டிகளை வென்ற அமெரிக்கர் பொபி ஜோன்ஸ், இதே பட்டறையின் இரும்புத் தடிகளையும் பாவித்தவர். அந்தச் சிறிய அடையாளத்தைக் கண்டதும் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். கறுத்த நிறம் முழுவதையும் நாங்கள் எடுக்கவில்லை. உதிரும் கறளை மட்டும் எடுத்தோம்.

அடுத்தது தண்டு. இரும்புத் தலையின் கழுத்தில் மரத்தைச் செருகி, குறுக்கே ஒரு சிறிய ஆணி அடித்திருப்பார்கள். அந்த ஆணியைத் தட்டி வெளியே எடுத்து, தலையைக் கழற்றினோம். தண்டின் வளைந்த இடத்தைக் கேத்தல் ஆவியில் காட்டி, மரம் சூடாகி இளகியதும் வளைவுக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக வளைத்து, ஆறும்வரை அப்படியே பிடித்தோம். ஒரே தடவையில் நிமிரவில்லை. நான்கு நாட்கள், நாளுக்கு ஒரு தடவை. அவசரப்பட்டு ஒரேயடியாக வளைத்தால் மரம் முறிந்துவிடும்.

மரத்தில் பரும்படியான மணல்தாள் போடக்கூடாது. தேய்ந்து மெலிந்தால் தண்டின் வளையும் தன்மை மாறிவிடும். அழுக்கை மட்டும் டேர்பன்டைன் தோய்த்த துணியால் துடைத்தோம். பிறகு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் பூசி, ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்து, மறுநாள் திரும்பவும் பூசினோம். சாம்பல் நிற மரத்துக்குள் இருந்து தேன் நிறம் வெளியே வந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. காய்கிறபோது அது தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து வெளியே காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் நனைத்துவிட வேண்டும்.

தண்டு காய்ந்ததும் தலையை மீண்டும் செருகி, இரண்டு குழாய்களில் வரும் எபொக்சிப் பசையால் ஒட்டி, குறுக்காணியைத் திரும்ப அடித்து, துருத்திய முனையை அரத்தால் அராவினோம். மறுநாள் ஆட்டிப் பார்த்தோம். சத்தமில்லை.

தோல்

கைபிடியில்தான் இருவரும் தயங்கி நின்றோம்.

பழைய தடிகளின் கைபிடியில் முதலில் ஒரு துணிப்பட்டியைச் சுற்றி, அதன் மேல் ஆட்டுத்தோல் பட்டியைச் சரிவாகச் சுற்றி, இரு முனைகளிலும் மெழுகோ கீலோ பூசிய நூலால் வரிந்து கட்டியிருப்பார்கள். புதிய தோல் வாங்கி முழுவதையும் மாற்றுவது எளிது. அப்படிச் செய்தால் விளையாடலாம். பார்வைக்கும் அழகாக இருக்கும். பழம்பொருள் சேர்ப்பவர்களோ, ஒன்றையும் தொடாமல் அப்படியே கண்ணாடி அலுமாரிக்குள் வைக்கச் சொல்வார்கள்.

அந்த அம்மா தடியை வாங்கி, மேற்பாதித் தோலில் ஓர் இடத்தைக் காட்டினார். தோல் தேய்ந்து, சிறிய குழி விழுந்திருந்தது. பெருவிரல் வைக்கும் இடம். "இது அம்மாவின் விரல். இதைப் பிய்த்து எறிந்தால் பிறகு இது வேறு யாருடையதோ ஒரு தடி" என்றார். தன் விரலை அந்தக் குழியில் வைத்துப் பார்த்தார். சிறிது பெரிதாக இருந்தது.

நான் உடனே பதில் சொல்லவில்லை. எனக்கு எங்கள் அம்மாவின் தையல் மெசின் ஞாபகம் வந்துவிட்டது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் முப்பதாம் திகதி வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது, அம்மா மெசினின் தலையை மட்டும் கழற்றி, சைக்கிள் கரியரில் சாக்கால் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார். இரும்புக் கால்கள் வீட்டில் நின்றுவிட்டன. வன்னியில் ஒருவர் பலகையால் மேசை அடித்துக் கொடுத்தார். கறுத்த பழைய தலை, வெள்ளைப் பலகைக் கால். பொருந்தாத சோடி. அதில்தான் அம்மா பாடசாலைச் சட்டைகள் தைத்து எங்கள் அடுப்பை எரித்தார். 2009இல் அதுவும் போயிற்று. ஆனால் அந்தப் பதின்மூன்று வருடமும் அது தைத்தது. "எங்கட மெசின்" என்றுதான் கடைசிவரை சொன்னோம். கால் மாறிவிட்டது என்று யாரும் சொன்னதில்லை.

இதை அந்த அம்மாவுக்குச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் பாதியை விடுவோம், பாதியை மாற்றுவோம்" என்றார்.

அப்படியே செய்தோம். மேற்பாதியில் இருந்த பழைய தோலைக் கழற்றவில்லை. தோலுக்குப் பூசும் மெழுகைச் சிறிது சிறிதாகப் பூசி, இளகவிட்டு, விளிம்பு கிளம்பிய இடங்களைப் பசையால் ஒட்டினோம். கிழிந்த கீழ்ப்பாதியை வெட்டி எடுத்து, அதன் அடியில் இற்றுப்போயிருந்த துணிக்குப் பதிலாக ஒரு கம்பளித் துணிப்பட்டி சுற்றி, அதன் மேல் புதிய ஆட்டுத்தோல் சுற்றினோம். பழையதும் புதியதும் சந்திக்கும் இடத்தில் இரண்டையும் ஓரம் சீவி மெலிதாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நூலால் வரிந்தோம்.

நூல் வரியும் வேலையை அந்த அம்மாவே செய்தார். சணல் ஆலையில் பழகிய விரல்கள் மறக்கவில்லை. அதன் முறை இதுதான்: நூலின் நுனியைத் தண்டோடு நீளவாட்டில் படுக்கவைத்து, அதன் மேலேயே இறுக்கமாகச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். முடிய ஏழெட்டுச் சுற்று இருக்கும்போது, வேறொரு நூலை மடித்து வளையமாக வைத்து, அதன் மேலும் சுற்றவேண்டும். கடைசி நுனியை அந்த வளையத்துக்குள் நுழைத்து, வளையத்தை மற்றப் பக்கத்தால் இழுத்தால், நுனி சுற்றுக்களின் அடியில் போய் மறைந்துவிடும். எங்கும் முடிச்சு இல்லை, அவிழவும் அவிழாது. கரையோரத்துச் சகோதரிகள் தூண்டில் கட்டும்போதும் கயிற்று நுனி பிரியாமல் கட்டும்போதும் இதைப் போன்ற வேலையைப் பார்த்திருப்பீர்கள்.

முடிந்தபோது கைபிடி இரண்டு நிறத்தில் இருந்தது. மேலே கறுப்பு, கீழே வெளிர் மண்ணிறம். நடுவே நூல் வரி. எங்கே கிழிந்தது, எங்கே ஒட்டியது என்று யாரும் பார்த்துச் சொல்லலாம். நிறம் தீட்டி ஒன்றாக்கலாமா என்று நான் கேட்டேன். "எதற்கு?" என்றார்.

ஹிமாலயாசில் ஒரு மத்தியானம்

ஓகஸ்ட் மாதத்தில், காற்று குறைந்த ஒரு நாள் பார்த்து பஸ் ஏறினோம். டே ஆற்றின் மேல் 1966இல் திறந்த நீண்ட பாலத்தைக் கடந்து, கோதுமை வயல்களும் உருளைக்கிழங்குத் தோட்டங்களும் தாண்டிப் போகிறது பாதை. சென் அன்ட்ரூசுக்குப் புகையிரதம் இல்லை. 1969இல் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள்.

ஹிமாலயாசில் சீட்டு வாங்கி, ஆளுக்கொரு பந்து எடுத்துக்கொண்டோம். எனக்கு அவர்கள் கொடுத்த தடி. அவருக்குத் தாயின் தடி. பெயருக்கு ஏற்ற நிலம்தான். நேராக அடித்த பந்து நேராகப் போவதில்லை. மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, நாம் நினையாத பக்கத்தால் வளைந்து வருகிறது. எங்களுக்கு முன்னால் ஒரு தந்தையும் இரண்டு பிள்ளைகளும், பின்னால் நான்கு முதிய பெண்கள். ஒருவருக்கும் அவசரமில்லை.

அந்த அம்மா ஊன்றுகோலை என்னிடம் தந்துவிட்டு, பெருவிரலைத் தாயின் விரல் குழியில் வைத்து அடித்தார். பந்து உருண்டது. ஹிக்கரித் தண்டு கைக்குள் மெல்ல அதிர்வது தெரிகிறது என்றார். எல்லாக் குழிகளையும் அவரால் முடிக்க முடியவில்லை, ஒன்பதோடு அமர்ந்துவிட்டார். அவரது தாய் பின்வளவுப் புல்லில் தனியாக விளையாடியவர். இந்த நிலத்துக்குள் அவர் ஒருநாளாவது வந்தாரா என்று மகளுக்குத் தெரியாது. தடி வந்துவிட்டது.

தோம் மொரிஸின் கல்லறை

பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் பட்டணத்தின் மறு முனையில் உள்ள பேராலயத்துக்குப் போனோம். 1318இல் திருநிலைப்படுத்தப்பட்ட இந்தப் பேராலயம், 1559இல் நடந்த மதக் கலவரத்தோடு கைவிடப்பட்டது. ஊரவர்கள் அதன் கற்களைப் பெயர்த்துத் தங்கள் வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். மிஞ்சிய சுவர்களுக்கு நடுவே சேமக்காலை. அங்கேதான் தோம் மொரிஸ் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

1821இல் பிறந்த இவர் தடி செய்பவர், பந்து செய்பவர், விளையாட்டு வீரர், புல்வெளிக் காவலர். பெண்களின் ஹிமாலயாஸ் நிலத்தை அமைத்துக் கொடுத்தவரும் இவரே. அவரது மகனுக்கும் தோம் என்றே பெயர். தந்தையைவிடப் பெரிய வீரன். 1875ஆம் ஆண்டு செப்டெம்பரில் இருவரும் நோர்த் பெரிக் என்னும் ஊரில் போட்டியில் நின்றபோது, மகனின் மனைவி பிரசவ வேதனையில் இருப்பதாகத் தந்தி வந்தது. குறுக்கு வழியாகப் படகில் கடலைக் கடந்து வந்தார்கள். அதற்குள் தாயும் சேயும் இறந்துவிட்டார்கள். அதே ஆண்டு நத்தார் தினத்தன்று மகனும் இறந்தான். வயது இருபத்து நான்கு. அடுத்த ஆண்டில் தோம் மொரிஸின் மனைவி போனார். நடக்க முடியாத இன்னொரு மகன் ஜோன், தந்தையின் பட்டறையில் இருந்து தடிகளுக்கு வேலை செய்தவர். அவரும் தந்தைக்கு முன்பே போனார். மகளும் போனார். மற்ற மகனும் போனார். பெற்ற பிள்ளைகள் எல்லோரையும் அடக்கம் செய்த பிறகு, 1908இல், எண்பத்தாறு வயதில் அந்த மனிதர் இறந்தார்.

இந்தக் கதையைப் பெருமைக்குரிய வீரனின் கதையாகத்தான் இங்கே சொல்வார்கள். எனக்கோ எங்கள் ஊரில் இப்படி மிஞ்சியிருக்கும் தாய்மாரின் முகங்கள்தான் வந்தன. அவர்களைப் பார்த்து "காலம் எல்லாவற்றையும் ஆற்றும்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த மனிதருக்கு ஆறியதா என்று யாரால் சொல்ல முடியும்? தெரிந்தது ஒன்றுதான். மகன் போன பிறகும் முப்பத்திரண்டு வருடங்கள் அவர் அதே ஊரில், அதே புல்வெளிக்கு அருகில் வாழ்ந்தார். கடை நடந்தது, தடிகள் செய்யப்பட்டன. புல்வெளியை நோக்கி நிற்கும் அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது.

வீட்டிலுள்ள பழைய சாமான்கள்

கோல்ப் தடி உங்கள் வீட்டில் இராது. மண்வெட்டி இருக்கும், கத்தி இருக்கும், அம்மாவின் தையல் மெசினின் தலை மட்டும் இருக்கலாம். அவற்றுக்கும் இந்த வேலை பொருந்தும். கைவைக்க முன்பு நன்றாகப் பாருங்கள். எது உடைந்தது, எது அழுக்கு என்று பிரித்தறியுங்கள். உதிரும் கறளை எண்ணெய் விட்டுத் தேய்த்து எடுங்கள். இரும்பைத் தேய்த்து மெலியவைக்க வேண்டாம். மரப்பிடிக்கு ஆண்டில் இரண்டு தடவையாவது எண்ணெய் காட்டுங்கள். மாற்றவேண்டியதை மாற்றுங்கள், ஆனால் யாரோ ஒருவரின் கை பட்டுத் தேய்ந்த இடம் தாங்கும் நிலையில் இருந்தால், அதை விட்டுவிடுங்கள்.

புதிதுபோல ஆக்கிக் காட்டினால்தான் திருத்தியதாகும் என்று பலர் நினைக்கிறார்கள். திரும்பவும் பாவிக்கக்கூடியதாக இருந்தால் போதும். ஒட்டு வெளியே தெரிந்தால் தெரியட்டும்.

அந்த அம்மா இப்போது தடியை முன்வாசலில், குடைகளோடு சேர்த்து வைத்திருக்கிறார். காற்றில்லாத ஞாயிறுகளில் வீட்டு முன்றல் புல்லில் நாலு தரம் பந்து உருட்டுகிறார். கீழ்ப்பாதித் தோல் அவரது கை பட்டு மெல்லக் கறுக்கத் தொடங்கியிருக்கிறது.